நூற்று நாற்பத்தொன்றாம் பக்கம்

ஆடை ஆலையின் இணையதளத்தில் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. மொத்தம் நூற்று நாற்பத்தொன்று. எல்லாப் பக்கங்களின் நிறத்தையும் எழுத்தளவையும் வடிவமைப்பாளர் ஒரே ஸ்டைல் ஷீட்டில் எழுதி வைத்திருந்தாள். அங்கே ஒரு வரியை மாற்றினால் தளம் முழுவதும் மாறும்.

கொதிகலன் வெடித்து இறந்த தையல்காரியின் பக்கத்தை மேலாளரே அழித்தார். அப்படி ஒருத்தி இங்கே வேலை பார்க்கவே இல்லை என்று ஆலை நிர்வாகத்தினர் விசாரணையில் சொல்லப்போகிறார்கள். கையோடு, தலைப்புகளைச் சாம்பல் நிறமாக்கும்படி வடிவமைப்பாளரிடம் சொன்னார். அவள் மாற்றினாள். நூற்று நாற்பது பக்கங்கள் சாம்பலாயின. அழித்த பக்கம் திரும்ப வந்திருந்தது. அதன் தலைப்பு மட்டும் சிவப்பு.

அவர் இன்னும் மூன்று முறை அழித்தார். மூன்று முறையும் வந்தது.

“உன் ஷீட்லதாம்மா கோளாறு.”

“அதுல சிவப்பே இல்ல சார். தேடிப் பாருங்க.”

“விசாரணைக்காரர் கீழ வந்துட்டார். எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு நீ வராத.”

“ஒரே மாதிரிதானே? ஒரு வரி வேலை.”

சாம்பல் என்றிருந்ததை அவள் சிவப்பு என்று மாற்றினாள்.

“மொத்தம் எத்தனை பேர்?” என்று கேட்டுக்கொண்டே விசாரணை அதிகாரி உள்ளே வந்தார்.

“நூத்தி நாப்பது,” என்றார் மேலாளர்.

அவள் திரையை அதிகாரியின் பக்கம் திருப்பினாள். “நீங்களே எண்ணிக்குங்க சார்.”