அசல் சாணி

ஆத்தூர் எருக் கிட்டங்கியில் அன்று இருந்தவர்கள்: உரிமையாளர் சுந்தரராஜ், அவர் மச்சினன் செந்தில்முருகன், வெற்றிலை விவசாயி சிவனாண்டி, வேளாண் அதிகாரி ஈவாஞ்சலின். இருநூறு மூட்டை கோழி எருவும் இருந்தது. அதற்கு நாற்றம் கொஞ்சம் குறைவுதான்.

"அண்ணாச்சி எருவப் போட்டதுலேர்ந்து கொடி வெளுத்துப் போச்சும்மா. கோழித் தீவனத்துல செம்பு, துத்தநாகம்லாம் கலக்கானாம். அது அப்படியே எருவுல இறங்குதாம். பேப்பர்ல போட்ருக்கான்" என்றார் சிவனாண்டி.

"என்னவே, கொடிக்குத் தண்ணி விடாம என் மேல பழி போடுதீரு?"

ஈவாஞ்சலின் ஒரு மூட்டையைப் பிரித்து மூன்று பைகளில் எரு அள்ளினார். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று சுந்தரராஜுக்கு.

"ரிசல்ட் மோசமா வந்தா கிட்டங்கிக்கு சீல் வச்சிருவேன் அண்ணாச்சி."

பைகளின் வாய்க்கு முத்திரை வைக்க அரக்கு உருக்கத் தீப்பெட்டி இல்லை. செந்தில்முருகன் சட்டைப்பையில் இருந்தது. அவன் சொல்லவில்லை. சிவனாண்டி கடைக்குப் போனார். ஈவாஞ்சலின் போன் பேச வெளியே போனார்.

தன் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று சுந்தரராஜுக்குத் தெரியும். ஆய்வகப் பையைக் கவிழ்த்தார். மச்சினன் வீட்டு மாட்டுச் சாணியைக் காயவைத்துப் பொடித்துத் தயாராக வைத்திருந்தார். அதை நிரப்பினார். கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய மாடு. சாணி அப்பழுக்கில்லாமல் இருக்கும்.

பத்தாம் நாள் ஈவாஞ்சலின் கையில் பூட்டோடு வந்தார்.

"செம்பும் துத்தநாகமும் அனுமதிச்ச அளவுக்கு மூணு மடங்கு இருக்கு. வெளிய வாங்க அண்ணாச்சி."

சுந்தரராஜ் மச்சினனை ஓரமாக இழுத்தார். "மாட்டுக்கு என்னத்தலே போட்ட?"

"சத்துப் பவுடர், அத்தான். செம்பு, துத்தநாகம் எல்லாம் உண்டு. டாக்டர் ஒரு கரண்டி சொன்னாரு, நான் நாலு போடுதேன். பரிசு சும்மாவா கிடைச்சிது?"

சுந்தரராஜ் அதிகாரியிடம் திரும்பினார். "எருவுல சத்து எவ்வளவுன்னு பாக்கலியாம்மா?"

"புகார் உலோகத்தப் பத்திதான அண்ணாச்சி. வேற எதையும் பாக்கல."

மூட்டைக்குக் கால் பங்கு கோழி எரு, முக்கால் பங்கு சாத்தான்குளத்து மண் என்று அவரே கலந்து வைத்த, உலோகம் அளவைத் தாண்ட வழியே இல்லாத இருநூறு மூட்டைகளையும் உள்ளே விட்டுவிட்டு சுந்தரராஜ் வெளியே வந்ததும், அவருக்குப் பின்னால் கதவு சாத்திப் பூட்டப்பட்டது.