வலியில் பேசுகிறாள்

“மூச்சை உள்ள இழு. நாலு வரைக்கும் எண்ணு” என்றார் என் கணவர், திரையைப் பார்த்துக்கொண்டே.

வலி இருப்பது என் வயிற்றில். அவர் அதைத் தெரிந்துகொள்வது பிரசவ அறைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இயந்திரத்தில். என் வயிற்றைச் சுற்றிக் கட்டிய பட்டையிலிருந்து ஒரு ஒயர் அதற்குள் போகிறது. திரையில் கோடு மேடேறினால் வலி. படுத்துவிட்டால் இடைவேளை. காலையிலிருந்து அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேட்ச் பார்க்கும்போதுகூட நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவர்.

“இதோ வருது, வருது” என்று எனக்கே அறிவிக்கிறார். ரொம்ப உபகாரம். பக்கத்து அறைக்காரிக்கு வருகிறதென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வலி தெரியாமலிருக்கப் போடும் ஊசி எதுவும் இல்லாமல் பெறுவதென்று நாம் முடிவெடுத்திருக்கிறோம். அவர் வாயில் எல்லாமே நாம்தான். நமக்கு மசக்கை. நமக்குக் கால் வீக்கம். காலையில் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டுப் போனதும், “நமக்குப் பாதி திறந்திருக்காம்” என்று தன் அம்மாவுக்குப் போன் செய்தார்.

கடைவாய்ப் பல் பிடுங்கப் போனபோது, மரத்துப்போக ஓர் ஊசி போதாதென்று இன்னொன்றையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவர் இவர். அன்றைக்கு மட்டும் நாம் இல்லை.

பிரசவத்துக்கான மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் போனார். நான் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்த ஞாயிறுகளில் தனியாகவே போனார். அங்கேதான் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டு வந்தார். வலி முற்றினால் மனைவி ஊசி கேட்பாள், கெஞ்சுவாள், திட்டுவாள். அது அவள் பேசுவதல்ல, வலி பேசுவது. காதில் போட்டுக்கொள்ளக் கூடாது.

அவருக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? கல்யாணமான நாளிலிருந்து அதைத்தானே செய்கிறார். வேலையை விடமாட்டேன் என்று கத்தினேன். கோபத்துல பேசுறா என்றார். அழுதேன். அழுகையில பேசுறா என்றார். சரி, மனசு அடங்கிய பிறகு நிதானமாகச் சொல்வோம் என்று காத்திருந்து சொன்னால், “இப்பதான் நல்லா இருக்கியே, எதுக்குப் பழசைக் கிளறுற?” என்றார். வேலை போய்விட்டது. நான் பேசியதை நான்தான் பேசினேன் என்று அவர் ஒப்புக்கொண்ட நாள் இன்னும் வரவில்லை.

அடுத்த வலி வந்தது. “முதுகுல போடுற ஊசியப் போடச் சொல்லுங்க!” என்று கத்தினேன்.

போய்க்கொண்டிருந்த நர்ஸ் நின்றார். இவர் கையை உயர்த்திச் சிரித்தார். “வலி பேசுது சிஸ்டர். முன்னாடியே சொல்லிவச்சிருக்கோமே.”

வலி இறங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு, அதையே மரியாதையாகக் கேட்டேன்.

அவர் திரையைக் காட்டினார். “இப்ப வலியே இல்லையேம்மா. அப்புறம் ஊசி எதுக்கு?”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்கடுத்த வலிகளில் அவரை ‘டேய்’ என்றேன். அவர் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினேன். அவருக்கு ஒரே பெருமை. எல்லாம் வகுப்பில் சொன்னபடியே நடக்கிறதாம். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டிய செய்தியைப் போனில் தயாராக அடித்தும் வைத்துவிட்டார். ‘மருந்தில்லாமல் சுகப்பிரசவம். சாதித்துவிட்டோம்.’ பெண்ணா பையனா என்பதற்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

சுகப்பிரசவம். அந்தப் பெயரை வைத்தவன் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவனாகத்தான் இருப்பான்.

டாக்டர் வந்து பார்த்தார். தலை நன்றாக இறங்கிவிட்டது, இனிமேல் ஊசிக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாற்றப் போனார். இவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார், ‘வரலாம் வரலாம்’ என்று லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்கிறவன் அதன் முதுகில் தட்டுவானே, அப்படி.

பெரிய வலி ஒன்று வந்து, என்னைப் பிழிந்து போட்டுவிட்டுப் போனது. இந்தத் தடவை நான் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அது முழுதாக இறங்கட்டும் என்று காத்திருந்தேன். இறங்கியது. உள்ளே எல்லாம் அடங்கி, மூச்சுகூடச் சீராகிவிட்டது. இவ்வளவு தெளிவாக நான் என்றைக்குமே இருந்ததில்லை.

“என்னங்க” என்றேன்.

குனிந்தார். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்திருப்பார். முகம் அப்படித்தான் இருந்தது.

“இங்கேருந்து நான் குழந்தையத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே உங்ககூட இருக்க மாட்டேன்.”

நிமிர்ந்து, நர்ஸைப் பார்த்துச் சிரித்தார்.

“வலியில பேசுறா, சிஸ்டர்.”

சொல்லிக்கொண்டே, பழக்கதோஷத்தில், திரையைப் பார்த்தார்.

கோடு படுத்துக் கிடந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. இயந்திரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்து, ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்த்தார். என் வயிற்றுப் பட்டையை இழுத்துப் பார்த்தார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது.