முழங்கைதான் காரணம்

"அந்த உருளைக்கிழங்கைத் தொடாத, நெஸ்டா! அது மஞ்சள் பந்து."

"அது ராத்திரிச் சாப்பாடு, எம்ரிஸ். அடுப்புல ஆட்டுக்கறி காய்ஞ்சுக்கிட்டிருக்கு."

"அஞ்சே நிமிஷம்."

நெஸ்டா கத்தியைக் கீழே வைத்தாள். மஞ்சள் பந்துகளுக்கு உருளைக்கிழங்கு, சிவப்புக்குத் தக்காளி, கடைசியாக விழ வேண்டிய கறுப்புக்கு ஒரு திராட்சை, மற்றதையெல்லாம் அடிக்கும் வெள்ளைக்கு ஊறவைத்த சின்ன வெங்காயம் என்று சமையலறை மேசை முழுக்க அவள் கணவன் எம்ரிஸின் ஆட்டம் பரவிக் கிடந்தது. மேசை ஓரத்தில் மாவு உருட்டும் கட்டை. குழிகளுக்கு ஐந்து தேநீர்க் கோப்பைகள். ஆறாவது கிடைக்காமல், வீட்டுக்கு வந்ததும் அவள் சன்னலோரம் வைத்த வெள்ளிக் கிண்ணத்தைக் கேட்காமலே எடுத்து மூலையில் வைத்திருந்தான்.

பள்ளத்தாக்கின் பப்புகள், அதாவது மதுக்கடைகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் எட்டுப் பந்து பில்லியர்ட்ஸ் போட்டியின் இறுதி ஆட்டம் அன்று மத்தியானம்தான் முடிந்திருந்தது. எம்ரிஸ் தோற்றிருந்தான்.

முன்பெல்லாம் தோற்றால் மேசை சாய்வு என்பான், விளக்கு மங்கல் என்பான், காதுக்குப் பக்கத்தில் எவனோ சிப்ஸ் மென்றான் என்பான். பிறகு கார்டிஃப் நகரில் ஒரு பயிற்சியாளர் அவனுக்கு வேறு வழி காட்டினார். ஆட்டம் முடிந்ததும் உன் தப்பை மட்டும் தேடு. மேசையைக் குறை சொல்லாதே. எதிராளியைப் பற்றி வாயே திறக்காதே. அதற்குப் பலனும் இருந்தது. முதல் சுற்றிலேயே வீடு திரும்புகிறவன் இந்த வருடம் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டான். நெஸ்டாவும் சந்தோஷப்பட்டவள்தான். ஆனால் தன் தப்பையே பார்த்துப் பார்த்து, தன்னைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத ஆளாக அவன் எப்போது மாறினான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வர வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். காரில் வரவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டும்போது வரவில்லை. சாப்பாட்டுக்கு முன்னாலும் வராவிட்டால், இனி அவனோடு ஒரு போட்டிக்கும் ஒரே காரில் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

"இங்கதான்," என்றான் எம்ரிஸ், ஓர் உருளைக்கிழங்கைச் சுட்டி. "இதை அடிக்கறப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். முழங்கை வெளியே போயிடுச்சு. என் மஞ்சள் ரெண்டு அப்படியே தங்கிப்போச்சு."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் சிவப்பு நாலும் போச்சு."

"எங்க போச்சு? கடைக்கா?"

"குழிக்குள்ள போச்சு."

"தானாவா? பந்துக்கென்ன காலா இருக்கு?"

"எதிராளி ஆட்டத்தைப் பத்திப் பேசக் கூடாது. அதுதான் விதி. என் கையில இருக்கறதை மட்டும்தான் நான் திருத்த முடியும்."

"சாமி!" என்று நெஸ்டா அடுப்பை அணைத்தாள்.

எம்ரிஸின் தொலைபேசி அடித்தது. அவன் தம்பி கெத்தின். "ஆமாண்டா, முழங்கைதான் காரணம்... முழங்கை மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா கிண்ணம் எனக்குத்தான்..." நெஸ்டாவின் தொலைபேசியும் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

அவன் பேசி முடித்துத் திரும்பினான். பேச்சோடு பேச்சாகத் தக்காளிகளை எல்லாம் கோப்பைகளுக்குள் போட்டிருந்தான். மேசையில் மிச்சம் திராட்சையும் வெங்காயமும், அவற்றுக்கு நடுவே மறித்து நிற்கும் இரண்டு உருளைக்கிழங்குகளும்.

"கறுப்பு இப்படி ஒளிஞ்சு கிடந்துச்சு. நேரா அடிக்க வழியே இல்ல. ஆனாலும் விழுந்துடுச்சு."

"விழுந்துடுச்சா?"

"விழுந்துடுச்சு. அதுக்கும் மூலகாரணம் என் முழங்கைதான். அதை மட்டும் சரி பண்ணிட்டா..."

"எம்ரிஸ், அந்தக் கடைசி அடியைப் பத்தி உனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லையா?"

அவன் உண்மையாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மனசாட்சியைத் துருவிக்கொண்டு யோசித்தான்.

"இருக்கு," என்றான் கடைசியில். "அதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தப்பகூட என் தோள்பட்டை இறுக்கமாத்தான் இருந்துச்சு."

நெஸ்டா அவனைத் தோளால் ஒதுக்கினாள். குனிந்தாள். ஒற்றை விரலால் வெங்காயத்தைச் சுண்டினாள். அது உருட்டுக் கட்டையில் பட்டுத் திரும்பி, உருளைக்கிழங்குகளைச் சுற்றிக்கொண்டு போய்த் திராட்சையைத் தட்டியது. திராட்சை மேசை நெடுக உருண்டு, மூலையில் இருந்த வெள்ளிக் கிண்ணத்தின் விளிம்பில் மோதி நின்றது. அச்சு அசலாக, மத்தியானம் கறுப்புப் பந்து போன அதே வழி.

எம்ரிஸ் வாயைப் பிளந்தான். "இதை எங்க கத்துக்கிட்ட?"

அவள் கிண்ணத்தைத் தூக்கித் தன் துண்டால் துடைத்தாள். மத்தியானம் பப்பே எழுந்து நின்று கைதட்ட, அதை அவள் இரு கையாலும் வாங்கி உயர்த்தியபோது, அவளிடம் தோற்றவன் மட்டும் மூலையில் உட்கார்ந்து தன் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.