வீட்டுக்கு மேலால்

"அது சும்மா வெள்ளி, தவம். வெளியாலை வா."

பாலேந்திரா முற்றத்தில் நின்று கத்தினார். பின்னேரம்தான், ஆனால் டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் குளிர்காலத்தில் அதற்குள் கும்மிருட்டு.

மனைவி தவமணி வரவில்லை. மாடிப்படிக்குக் கீழே, குளிர்காலச் சப்பாத்துகளும் பழைய பெட்டிகளும் கிடக்கும் சின்ன அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள்.

இந்த வீட்டில் வானம் அவருடைய இலாகா. சண்டைக் காலத்தில் ஊரில் ஒவ்வொரு வளவிலும் காது கூர்மையான ஒருவர் வெளியே நின்று, வருவது ஹெலிகொப்டரா, குண்டு போடும் பொம்பரா என்று கூப்பிட்டுச் சொல்வார். மற்றவர்கள் நிலத்தில் வெட்டிய பங்கருக்குள். அந்த வேலையை அவர் டென்மார்க்குக்கும் கொண்டுவந்துவிட்டார். வரிசையாக ஊரும் வெளிச்சங்கள் என்றால் செயற்கைக்கோள். சிவப்பும் பச்சையுமாக மின்னினால் சனம் போகிற பிளேன். அவர் சொன்ன பிறகுதான் தவமணி விட்ட இடத்திலிருந்து வெங்காயம் வெட்டுவாள்.

அவள் பயந்தாங்கொள்ளி இல்லை. முதியோர் இல்ல வேலையில் தன்னைப்போல் இரண்டு மடங்கு உள்ள டெனிஷ்காரரைத் தனியாகத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைப்பவள். போர் விமானம் என்றால் மட்டும் கால்கள் அவள் சொல்லைக் கேட்காது.

இன்று வரப்போவது அவள் பெற்ற பிள்ளை.

மகன் சுபாங்கன் டெனிஷ் விமானப்படையில் விமானி. இன்றைய பயிற்சி வீட்டுக்கு மேலால் என்று காலையில் போன் எடுத்துச் சொல்லியிருந்தான். அம்மா ஒரு தடவையாவது வெளியே நின்று பார்க்க வேண்டுமாம். கெஞ்சாத குறை.

பாலேந்திராவுக்குப் பெருமை தாங்காது. தமிழர் ஒன்றுகூடலில் மற்றவர்கள் டொக்டர், எஞ்சினியர் என்று அளக்கும்போது தொண்டையைச் செருமிவிட்டு, "எங்கடையவன் ஜெட் ஓடுறான்" என்பார். அத்தோடு எல்லோரும் கப்சிப்.

போன வருடம் அவன் படையோடு, சண்டை நடக்கும் ஏதோ ஒரு பாலைவன நாட்டுக்குப் போய் வந்தான். பெட்டி நிறையப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தான். எல்லோரும் ருசித்துத் தின்றார்கள். அங்கே என்ன வேலை செய்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மேற்கே ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு வெளிச்சம். சத்தம் பிறகுதான் வந்தது.

"எங்கடை பிள்ளை வாறான், வா!"

யன்னல்கள் அதிர்ந்தன. பாலேந்திரா அண்ணாந்து இரண்டு கைகளையும் ஆட்டினார். ஆட்டும்போதே தன் முழங்கால்கள் மடிந்து, தான் பாதி குந்தியிருப்பதைக் கண்டார். வெட்கமாகப் போய்விட்டது.

உள்ளே போய் அறைக் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. குண்டு போட்டுப் போனவன் வளைந்து திரும்பவும் வருவான், உடனே வெளியே வரக்கூடாது. அது ஊர் படிப்பித்த பாடம். கதவடியில் நிலத்தில் இருந்தார். கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

தரையிறங்கிய கையோடு சுபாங்கன் போன் எடுத்தான். அவர் ஸ்பீக்கரில் போட்டுக் கதவோடு பிடித்தார்.

"அம்மா, பார்த்தனீங்களா? நான்தான் முன்னுக்குப் போனது."

உள்ளே சப்பாத்துகள் சரிந்தன. கதவு கொஞ்சம் திறந்தது. இருட்டுக்குள் இருந்து தவமணி கேட்டாள்.

"எங்கை மோனை போட்டனீ?"

குண்டு எங்கே விழுந்தது, எந்த ஊர், யாருடைய வீடு. பங்கருக்குள்ளிருந்து தலை நீட்டுகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

சுபாங்கன் சிரித்திருக்கலாம். இது வெறும் பயிற்சி அம்மா என்று சொல்லியிருக்கலாம். அவன் டெனிஷில் ஏதோ தொடங்கினான். பாதியில் நிறுத்திவிட்டான்.

போனைக் கட் பண்ணிவிடலாம் என்று பாலேந்திரா நினைத்தார். பண்ணவில்லை. பேரீச்சம்பழம் தின்ற நாளிலிருந்து அவரும் அதைத்தான் கேட்காமல் இருந்தார்.