மாதிரிக் கையொப்பம்

பட்டதாரிகளுக்கான அரசுப் பயிற்சித் திட்டத்துக்குப் பூங்கோதை விண்ணப்பித்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. திட்டத்தின் மீதிருந்த வழக்கு, தடையாணை எல்லாம் தீர்ந்து சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தபோது அவளுக்கு வயது வரம்பு கடந்துவிட்டது. இனி ஒருமுறை விண்ணப்பிக்க முடியாது. சான்றிதழ்கள் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். விண்ணப்பத்தில் இருந்ததோடு அதை வைத்துப் பார்த்தார்.

“ரெண்டும் வேற வேறயா இருக்கேம்மா.”

விண்ணப்பத்தில் ‘பூ’ அகலமாக விரிந்து, ‘தை’யிலிருந்து கிளம்பிய கோடு பெயர் முழுவதற்கும் அடியில் ஓடியிருந்தது. அதன்பின் ஜவுளிக்கடை வேலையில் நாளுக்கு முந்நூறு பில்லில் போட்டுப் போட்டுக் கையெழுத்து வெறும் கீறலாகியிருந்தது.

“பதட்டப்படாம போடுங்க. எத்தன தடவ வேணாலும் போடலாம்,” என்றார் அவர்.

தாள் நிரம்பியது. ஒன்றும் ஒத்துவரவில்லை. பிறகு பழையதைப் பார்த்து, வளைவு வளைவாக, மெதுவாக எழுதினாள். அச்சு அசலாக வந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“இது பாத்து வரஞ்சதும்மா,” என்றார் அவர், வருத்தத்தோடுதான். “இத எப்படிக் கையெழுத்துன்னு எடுத்துக்கிறது? இந்த அப்ளிகேஷன நீங்கதான் போட்டீங்களா?”

“நான்தான் சார்.”

அவர் இன்னொரு தாளை அவள் பக்கம் தள்ளினார். பின்னால் வரிசை பொறுமையிழந்து நின்றது. பூங்கோதை பேனாவைத் தாளில் ஊன்றினாள். ‘பூ’வை எங்கிருந்து தொடங்குவது என்று கைக்குத் தெரியவில்லை.