கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு கடிதம்

புனேயில் ஆறு முறை எம்.எல்.ஏ.வாக இருந்த மாண்டவ்கர் சாகேப் போன மாதம் காலமானார். அவருடைய நினைவு அறையில், கண்ணாடிப் பெட்டியில் வைக்க, அவர் கைப்பட எழுதிய ஏதாவது வேண்டும் என்று பி.ஏ.வான நான் அறிவித்திருந்தேன்.

ஹடப்சரிலிருந்து சாவித்ரி மாமி, பிரேம் போட்ட கடிதத்தோடு சாகேப் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எங்காத்துக்காரர் போனப்போ வந்ததுப்பா. மராத்திக்காரர், எனக்குப் புரியணுமேன்னு தமிழ்லயே எழுதியிருக்கார் பாரு!"

சாகேப்பின் மனைவி சுமன்தாயி, "அதுல என்ன எழுதியிருக்கு?" என்று மராத்தியில் கேட்டார்.

"'அவரைப் போன்ற உத்தமரை நான் கண்டதில்லை. உங்களுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும்...'" என்று நான் மராத்தியில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"'...உங்கள் சகோதரனாக நான் இருக்கிறேன்'" என்று சுமன்தாயியே முடித்தார்.

அது நான் எழுதிய வரி. சாகேப் திங்கள்தோறும் வெற்றுத் தாள்களில் கையெழுத்து மட்டும் போட்டுத் தருவார். தொகுதியில் இறந்தவர்களின் பட்டியலைப் பார்த்து, தமிழ் வீடுகளுக்கு நானும் மராத்தி வீடுகளுக்குக் குமாஸ்தாவும் எழுதுவோம். இது சாகேப் வீட்டில்கூட யாருக்கும் தெரியாது.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பியதும், "உங்களுக்கு எப்படித் தெரியும், தாயி?" என்றேன்.

அவர் ஓர் உறையை நீட்டினார். நேற்றைய தபாலில் வந்தது. உள்ளே அதே வரிகள் மராத்தியில். கீழே சாகேப்பின் கையெழுத்து. மேலே சுமன்தாயியின் பெயர்.

இந்த மாதப் பட்டியலில் சாகேப்பும் இருந்திருக்கிறார். மிச்சமிருந்த கையெழுத்துத் தாள்களில் எழுதுவதை நிறுத்தும்படி குமாஸ்தாவிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

"மன்னிச்சிடுங்க தாயி. குடுங்க, கிழிச்சிடறேன்."

"வேண்டாம்." அவர் அதைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "முப்பத்தெட்டு வருஷத்துல அவர் எனக்குப் போட்ட முதல் லெட்டர் இது."