சாயத்தின் மேல் பழி

“மூணாவது தடவையும் சொதப்பிட்டியா?” மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே மேடம் எரிந்து விழுந்தார்.

லேப் டெக்னீஷியன் பெண் சாய பாட்டிலை எடுத்து லேபிளைப் பார்த்தாள். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயில் நியூரோஎண்டோகிரைன் என்ற வகை செல்களைத் தேடுவதுதான் மேடத்தின் ஆராய்ச்சி. சாயம் போட்டால் அந்த செல்கள் பழுப்பாகத் தெரியும். நோய் முற்றியவரின் சதையில் கொத்துக் கொத்தாக இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் நோயில்லாதவரின் சதையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்க வேண்டும். இப்போது அதிலும் கொத்துக் கொத்தாக!

“சத்தியமா அளந்துதான் ஊத்தினேன் மேடம்.”

“அப்போ சாயம் கெட்டுப்போச்சு. தள்ளு, நானே போடறேன்.”

சாப்பிடக்கூடப் போகாமல், புது பாட்டிலைப் பிரித்து மேடமே சாயம் போட்டார். பார்த்தார். மறுபடியும் அதே பழுப்பு.

“உன் மேல தப்பில்லம்மா.”

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. “அப்போ இந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுட்டு, வேற நோயில்லாத ஆளோடத வாங்கிடலாமா மேடம்?”

மேடம் போனை எடுத்தார்.

“என்னங்க... போன வருஷம் உங்களுக்கு ஆபரேஷன் பண்ணாங்களே, வெறும் வீக்கம்தான்னு... மிச்ச சதையை என் ஆராய்ச்சிக்கு வச்சுக்கோன்னு குடுத்தீங்களே... ஒண்ணுமில்லங்க. நாளைக்கு டாக்டரை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்.”

டெக்னீஷியன் பெண் பழைய சாய பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் கைத்தப்பாகவே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.